இருபத்தொரு நாள் துணை

டாக்டர் ஃபரீதா மூன்று வழிகளையும் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆவுடையப்பன் முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"ஆபரேஷனுக்குத் துணைக்கு ஆள் வரணுமா டாக்டரம்மா?"

டாக்டர் ஃபரீதாவுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. ஆனால் எல்லோரும் அதைக் கடைசியில்தான் கேட்பார்கள். பிழைப்பேனா, வலிக்குமா, எத்தனை நாள் என்பதெல்லாம் முடிந்த பிறகு. இவர் முதலிலேயே கேட்டார்.

ஆவுடையப்பன் காற்றாலை மெக்கானிக். வயது ஐம்பத்தேழு. முப்பது வருடமாக ஆரல்வாய்மொழிக் கணவாயில் நூறு மீட்டர் உயரத்தில் வேலை. மனைவி பிரமாச்சி இறந்து ஆறு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. காரியம் முடிந்த மறுநாளே அவர் வேலைக்குப் போய்விட்டார். அவர் அழுததை யாரும் பார்க்கவில்லை. 'கல்லுளி மங்கன்' என்று பிரமாச்சியின் அக்காள் அவர் காதுபடவே சொன்னாள். அவருக்கே கூட அப்படித்தான் தோன்றியது. கம்பெனி குவார்ட்டர்ஸில் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, சில நாள் "ஒரு டீ" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசாமலே பொழுது அடைந்துவிடும். அப்படி இருக்கையில்தான் கல்லீரலில் புற்றுக்கட்டி இருப்பது தெரிந்தது. கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

"மறுபடி சொல்றேன்" என்றார் டாக்டர். "முதல் வழி, சொந்தக்காரங்க யாராவது தன் கல்லீரல்ல பாதியைக் கொடுக்கிறது. காத்திருக்க வேண்டாம், உடனே செய்யலாம். ரெண்டாவது வழி, இறந்தவங்களோட கல்லீரல். முழுசா கிடைக்கும். ஆனா பட்டியல்ல பேர் எழுதிட்டுக் காத்திருக்கணும். உங்க கட்டி இப்ப நாலரை சென்டிமீட்டர். அஞ்சைத் தாண்டிட்டா பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துடுவாங்க."

"எதுல ஆள் அதிகமா பொழைக்காக?"

"ஆபரேஷன் நடந்த நாள்லேர்ந்து கணக்குப் பார்த்தா ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். பேர் எழுதின நாள்லேர்ந்து பார்த்தா முதல் வழி முந்திடும். ரெண்டாவதுல காத்திருக்கும்போதே கட்டி வளர்ந்துடுது."

முதல் வழிக்கு அவருக்கு அண்ணன் ஒருவர் இருந்தார், மும்பையில். சர்க்கரை நோயாளி. அண்ணன் மகன் இருந்தான். மருத்துவமனைத் தாழ்வாரத்திலிருந்து அவனுக்குப் போன் போட்டார். "சொல்லுங்க சித்தப்பா, என்ன விஷயம்?" என்றான். பின்னணியில் குழந்தைகள் சண்டை போடும் சத்தம் கேட்டது. "ஒண்ணுமில்லப்பா, சும்மாதான் கூப்பிட்டேன். எல்லாரும் சொகமா இருக்கியளா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அதனால் மூன்றாவது வழிக்கு வந்தார்கள். அது வந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆராய்ச்சியை டாக்டர் ஃபரீதாதான் நடத்திக்கொண்டிருந்தார். நோயாளியின் கல்லீரலையே வெளியே எடுத்து, கண்ணாடித் தொட்டியில் உயிரோடு வைத்து, இருபத்தொரு நாள் மருந்தில் ஊறவைத்து, புற்றைக் கொன்றுவிட்டு அவருக்கே திருப்பி வைப்பது. உடம்புக்குள் கொடுத்தால் ஆளையே கொன்றுவிடும் மருந்து அது. தனியாக இருக்கும் கல்லீரல் தாங்கிக்கொள்ளும். நர்சுகள் அதற்கு 'சலவை' என்று பேர் வைத்திருந்தார்கள்.

"அந்த இருபத்தொரு நாளும் நான் கல்லீரல் இல்லாம எப்படி இருக்கது?"

"இன்னொருத்தர் உங்க பக்கத்துக் கட்டில்ல படுத்திருப்பார். துணையாளர்னு சொல்வோம். அவர் கல்லீரல் உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து வேலை செய்யும். ரத்தம் கலக்காது. நடுவுல ஒரு பெட்டி, அதுக்குள்ள மெல்லிசா ஒரு திரை. ரத்தத்துல கரைஞ்சிருக்கிறது மட்டும் திரையைத் தாண்டிப் போய் வரும்."

"யார் வருவா அப்படி?"

"தானா முன்வந்து பேர் கொடுத்தவங்க இருக்காங்க. அவங்க எந்த நேரம் வேணும்னாலும் விலகிக்கலாம். அப்படி விலகினா, அதுவரைக்கும் ஊறின கல்லீரலை உடனே உங்களுக்கு வச்சுடுவோம்."

*

ஆவுடையப்பன் கண் விழித்தபோது வலது பக்கக் கட்டிலில் ஒருவன் சாய்ந்து உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தான். நாற்பது நாற்பத்தொன்று இருக்கும். இருவர் கையிலிருந்தும் குழாய்கள் போய், கட்டில்களுக்கு நடுவே சாப்பாட்டு டப்பா அளவில் இருந்த ஒரு பெட்டியில் சேர்ந்தன.

"முழிச்சுட்டீங்களாண்ணா? நான் நாச்சிமுத்துங்க. உடுமலைப் பக்கம். பட்டுப்பூச்சி வளக்கறனுங்க" என்றான் அவன்.

"ஆவுடையப்பன்" என்றார் இவர்.

பேசுவதை நாச்சிமுத்து பார்த்துக்கொண்டான். புழு நான்கு முறை தோல் உரிக்கும், ஒவ்வொரு உரிப்புக்கும் முன்னால் தலையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் அசையாமல் நிற்கும், அந்த நேரம் வீட்டில் யாரும் தாளிக்கக்கூடாது, வாசனை ஆகாது என்றெல்லாம் சொன்னான். ஏன் இங்கே வந்தான் என்பதையும் அவனே சொன்னான். "எங்கண்ணனுக்கும் இதே வியாதிதானுங்க. பட்டியல்ல பேர் எழுதிக் காத்திருந்தான். எட்டு மாசம். அதுக்குள்ள கட்டி பெருசாயிருச்சுன்னு பேரை அடிச்சுட்டாங்க. இந்த வழி அப்ப இல்லீங்க. இருந்திருந்தா நானே பக்கத்துல படுத்திருப்பேன்."

ஆவுடையப்பன் தலையை ஆட்டினார். ஆறு வருடத்தில் இன்னொரு மனிதனின் மூச்சுச் சத்தம் கேட்கும் தூரத்தில் அவர் படுத்ததில்லை.

மூன்றாம் நாள் காலை செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடத்தது. உள்ளங்கை வேர்த்தது. செய்தித்தாளில் ஒன்றும் இல்லை, மழை அறிவிப்புதான். திரும்பிப் பார்த்தால் நாச்சிமுத்து கட்டிலின் தலைமாட்டில் ஒண்டிக்கொண்டு சுவரையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"பல்லிங்கண்ணா" என்றான் குரல் நடுங்க. "எனக்குப் பல்லின்னா ஆகாதுங்க."

ஓடிவந்த நர்ஸ் விஷயம் தெரிந்து சிரித்துவிட்டாள். "பயம், கோபம், சந்தோஷம் எதுவா இருந்தாலும் உடம்பு ரத்தத்துல ஏதோ ஒண்ணைக் கரைச்சு விடுது. அதுவும் திரையைத் தாண்டிப் போகும். ஒருத்தர் பயந்தா ரெண்டு பேருக்கும் படபடக்கும்" என்றாள். பல்லியை விரட்டிய பிறகு இருவரும் ஒரே நேரத்தில் ஆசுவாசமானார்கள். ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து ரொம்ப நாளாகிவிட்டிருந்தது, தாடை வலித்தது.

ஐந்தாம் நாள்தான் வேறொரு வலியைக் கவனித்தார். சாயங்காலம் நாலு மணி. நெஞ்சை யாரோ உள்ளிருந்து பிடித்துப் பிழிவதுபோல் இருந்தது. அரை மணி நேரம் இருந்துவிட்டு வடிந்தது. திரும்பிப் பார்த்தார். நாச்சிமுத்து மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணோரம் ஈரமாக இருந்தது.

மறுநாளும் அதே நேரம் வந்தது. அதற்கடுத்த நாளும். ஓயாமல் பேசிக்கொண்டிருப்பவன் நாலு மணிக்கு மட்டும் வாயை மூடிக்கொள்வான். இவனுக்குள் இவ்வளவு துக்கமா என்று ஆவுடையப்பன் மலைத்தார். அண்ணனை நினைத்துக்கொள்கிறான் போலும். கேட்கலாம். ஆனால் எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பழக்கமே அவரிடம் இல்லை. அதற்குப் பதிலாக, அந்த நேரம் வரும்போது அவர் தன் மூச்சை மெதுவாக, சீராக இழுத்து விட்டார். தன்னிடமிருந்து கொஞ்சம் அமைதியாவது அந்தப் பக்கம் போகட்டும் என்று.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம் நாச்சிமுத்துவுக்குப் போன் வந்தது. அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தணிந்த குரலில் பேசினான். "சரி சாமி... சரி... அழுவாதம்மா... நான் வந்தர்றேன், இன்னொரு வாரம்தான், பொறுத்துக்குங்க." போனை வைத்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்தான்.

"ஏதும் விசேஷமா தம்பி?"

"ஒண்ணுமில்லீங்கண்ணா. ஊட்டுல அல்லாரும் சௌக்கியம்."

அன்றைக்கு வந்த வலி அரை மணியில் வடியவில்லை. விளக்கு போடும் நேரம் வரை நெஞ்சில் பாறாங்கல்லாக இருந்தது. ஆவுடையப்பனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டில் யாருக்கோ முடியவில்லை. தாயாராக இருக்கலாம். எனக்காக இங்கே கட்டிப்போட்டதுபோல் கிடக்கிறான். வாயால் எதையும் மறைக்கலாம். ரத்தம் பொய் சொல்லுமா?

மறுநாள் காலை டாக்டர் ஃபரீதா வந்தபோது நாச்சிமுத்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஆவுடையப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என் ஈரலைத் திருப்பி வச்சிருங்க டாக்டரம்மா. இன்னைக்கே."

"இன்னும் ஏழு நாள் இருக்கே. என்ன ஆச்சு?"

"அந்தத் தம்பிக்கு வீட்டுல ஏதோ துக்கம். சொல்ல மாட்டேங்காரு. எனக்கு இங்க தெரியுது" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "எனக்காக அவுக அங்க போகாம இருந்து, நாளைக்கு ஒண்ணுகிடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா, நான் பொழைச்சு என்னத்துக்கு?"

"அவர் விலகணும்னு கேக்கலையே ஐயா."

"கேக்க மாட்டாருல்லா. அதான் நான் கேக்கேன்."

டாக்டர் கட்டிலோரம் உட்கார்ந்தார். "இருபத்தொரு நாள் முடிச்சவங்கள்ல நூத்துக்கு எண்பது பேருக்கு நோய் திரும்பலை. பதினாலு நாள்ல நிறுத்தினா ஐம்பத்தஞ்சுதான். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுதான் சொல்லுதேன்."

நாச்சிமுத்து எழுந்தபோது அவனிடம் சொன்னார்கள். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. "ஏனுங்கண்ணா? நான் ஏதாச்சும் தப்பாப் பேசிப்போட்டனா? தொணதொணன்னு பேசறது புடிக்கலீங்களா?"

"அதெல்லாம் இல்ல தம்பி. எனக்கு முடியல. அவ்வளவுதான்."

உண்மையைச் சொன்னால் அவன் சம்மதிக்க மாட்டான் என்று ஆவுடையப்பன் நினைத்தார். அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும் வரை பெட்டியைப் பார்த்தபடியே இருந்தான்.

மறுபடி கண் விழித்தபோது வலது பக்கக் கட்டிலில் ஆள் இல்லை. விரிப்பு மாற்றி, தலையணையை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். துணையாளரின் முகவரியும் போன் நம்பரும் ஆராய்ச்சி முடியும் வரை தரக்கூடாது என்பது விதி. அவர் கேட்கவும் இல்லை.

*

ஊருக்குத் திரும்பினார். மேலே ஏறும் வேலை இனி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கட்டுப்பாட்டு அறையில் திரைகளைப் பார்க்கும் வேலை கொடுத்தார்கள். முன்பு மேலே தனியாக இருந்தார், இப்போது கீழே.

ஒரு விஷயம் மட்டும் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. நாலு மணி வலி நிற்கவில்லை. அங்கிருந்ததுபோலவே வந்தது, நெஞ்சை இறுக்கியது, அரை மணியில் போனது. அந்தத் தம்பியின் மிச்சம் கொஞ்சம் என் உடம்பில் தங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லப்போனால் அந்த நினைப்பு அவருக்குப் பிடித்திருந்தது. நாலு மணி ஆனதும் வேலையை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வார், தெரிந்தவர் ஒருவர் வருகிற நேரம் என்பதுபோல.

பதினாறு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனார். படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் ஃபரீதா அதில் ஓரிடத்தைப் பேனாவால் சுட்டிக் காட்டினார்.

"திரும்பியிருக்கு ஐயா. சின்னதுதான். ஒரு சென்டிமீட்டர்."

ஆவுடையப்பன் எதிர்பார்த்ததுதான். "அந்தத் தம்பி நல்லா இருக்காரா? அவுக வீட்டுல என்ன ஆச்சு? நேரத்துக்குப் போய்ச் சேந்தாரா?"

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "போன மாசம்தான் ஆராய்ச்சி முடிஞ்சுது. பெட்டிகள்ல பதிவானதை அதுவரைக்கும் நாங்க யாருமே பார்க்கக் கூடாது. இப்பதான் பார்த்தேன். இதை உங்களுக்குக் காட்டலாமா வேண்டாமான்னு ஒரு வாரமா யோசிச்சேன்."

திரையில் இரண்டு கோடுகள் வந்தன. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு.

"துக்கத்துல, பயத்துல ரத்தத்துக்கு வர்ற பொருளோட அளவு இது. திரைக்கு ரெண்டு பக்கமும் தனித்தனியா அளந்திருக்கோம். நீலம் உங்க பக்கம். சிவப்பு அவர் பக்கம். இது பல்லியைப் பார்த்த நாள். முதல்ல சிவப்பு ஏறுது, பத்து நிமிஷம் கழிச்சு நீலம். அதாவது அவர்கிட்டேருந்து உங்களுக்கு வந்தது."

"சரி."

"இது நாலு மணி. ஐந்தாம் நாள். ஆறாம் நாள். ஏழு. எட்டு." ஒவ்வொன்றாக நகர்த்தினார். "எல்லா நாளும் முதல்ல ஏறுறது நீலம்தான் ஐயா."

ஆவுடையப்பனுக்கு முதலில் புரியவில்லை. கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நீலம் நான்லா?"

"ஆமா."

"அப்ப அன்னைக்குப் போன் வந்துச்சே? அழுதாரே?"

"அன்னைக்கு அவர் தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழிச்சு. அவர் கோட்டைப் பாருங்க, போன் வந்ததும் அந்தச் சிவப்பு எவ்வளவு கீழே இறங்கியிருக்குன்னு. அவ்வளவு நிம்மதியா இருந்திருக்கார். அதுக்கப்புறம்தான் உங்க பக்கத்துலேருந்து..." டாக்டர் நீலக் கோடு ஏறும் இடத்தைக் காட்டினார்.

ஆவுடையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னிடம் இல்லவே இல்லை என்று நினைத்திருந்த ஒன்று, பதினாலு நாளும் இன்னொருவன் நெஞ்சில் போய் இறங்கியிருக்கிறது. அதையே அவனுடையது என்று எண்ணி அவனுக்கு விடுதலை கொடுத்திருக்கிறார்.

"மறுபடியும் சலவை செய்யலாம்" என்றார் டாக்டர். "அதுதான் உங்களுக்கு நல்ல வழி. துணையாளர்..."

"வேண்டாம். பட்டியல்ல எழுதுங்க."

"ஐயா, ஒப்பிட்டுப் பார்த்தா அது..."

"தெரியும் டாக்டரம்மா. அஞ்சு வருஷமா நீங்க ஒப்பிட்டுப் பாத்ததை நான் தப்புன்னு சொல்லல. ஆனா இன்னொரு மனுசன் மேல இதைக் கொண்டுபோய் ஊத்த என்னால முடியாது."

*

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குவார்ட்டர்ஸ் கதவை யாரோ தட்டினார்கள். நாச்சிமுத்து நின்றிருந்தான். கையில் ஒரு துணிப்பை. காற்று அவன் சட்டையை உப்ப வைத்துக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா விலாசம் குடுத்தாங்க. பஸ்ஸு மூணு மாறி வந்தனுங்க. உள்ள கூப்புடுவீங்களா?"

உட்காரச் சொன்னார். இருந்த ஒரே நாற்காலியை அவனுக்குக் கொடுத்துவிட்டு இவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"மன்னிச்சிருங்க தம்பி" என்றார். "அது ஒங்களுதுன்னு நெனைச்சேன்."

"எனக்கு அப்பவே தெரியுமுங்கண்ணா."

"தெரியுமா?"

"நான் எதுக்கெடுத்தாலும் அழுவற ஆளுங்க. என்னோட அழுகை எப்படி வரும்னு எனக்குத் தெரியாதா? இது வேற மாதிரி இருந்துச்சு. என்னுது இல்லைன்னு மொத நாளே தெரிஞ்சுபோச்சு. இந்த மனுசன் எப்படித்தான் இதைத் தாங்கிட்டு ஒரு வார்த்தை பேசாம கெடக்கறாருன்னுதான் எனக்குக் கண்ணு கலங்கும். பாப்பா பொறந்த அன்னைக்கும், இவ்வளவு வேதனையில இருக்கறவர்கிட்டப் போயி எப்படி நல்ல சேதி சொல்றதுன்னு சொல்லாம விட்டுட்டனுங்க."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா, இது உங்களோடதுன்னு."

"சொன்னா நீங்க கூச்சப்பட்டுட்டு கொழாயை அவுத்துட்டுப் போயிருவீங்கன்னு பயந்தனுங்க." நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். "நான் சொல்லாம இருந்தும் போயிட்டீங்க."

ஆவுடையப்பன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே, சொல்ல ஆரம்பித்தார். பிரமாச்சி இறந்த அன்றைக்கு அவர் மேலே இருந்தார். பதினேழாம் நம்பர் கோபுரம். போனைச் சாப்பாட்டுப் பையில் கீழே விட்டுவிட்டு ஏறியிருந்தார். வேலை முடிந்து இறங்கியபோது மணி நாலு. போனில் பதினோரு அழைப்பு இருந்தது. பதினொன்றும் பிரமாச்சி கூப்பிட்டது. காலையில் ஒன்பதே காலுக்கு முதல் அழைப்பு, பத்தரைக்குக் கடைசி. பக்கத்து வீட்டில் யாரும் இல்லை. அவளுக்கு வேறு யார் நம்பரும் தெரியாது.

"பதினோரு தரம்" என்றார். "மேல நின்னு நான் போல்ட்டு முறுக்கிக்கிட்டு இருந்தேன் தம்பி." அதற்கு மேல் அவர் குரல் அவரிடம் இல்லை. ஏழு வருடமாக வராத அழுகை, பெரிய சத்தத்தோடு, அசிங்கமாக, மூக்கு ஒழுக வந்தது. நாச்சிமுத்து எழுந்து வரவில்லை, தட்டிக் கொடுக்கவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து அவனும் அழுதான். இருவருக்கும் நடுவில் குழாய் எதுவும் இல்லை.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது அவன் சொன்னான்: "புதன்கிழமை நாம மறுபடி படுக்கோணுமுங்க. டாக்டரம்மாகிட்ட நான் பேசிப்போட்டேன். பட்டியலெல்லாம் வேண்டாமுங்க."

"இந்தத் துக்கத்தை மறுபடியும் ஒங்களுக்குக் குடுக்கணுமா?"

"குடுங்க. ஆனா வாயத் தொறந்து குடுங்க. போன தடவை நான்தான் பேசிட்டே கெடந்தேன்."

புதன்கிழமை படுத்தார்கள். வியாழக்கிழமை மத்தியானம் ஆவுடையப்பனுக்கு நன்றாக நினைவு திரும்பியது. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு அவர் பேச ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் பிரமாச்சியைக் கோபுரத்தின் அடிவாரத்துக்குக் கூட்டிப்போனது. அண்ணாந்து பார்த்து அவள் மயங்கி விழப் பார்த்தது. அதற்கப்புறம் ஒரு வாரம், 'அங்கிட்டா ஏறுதிய, அங்கிட்டா ஏறுதிய' என்று சாப்பாடு வைக்கும்போதெல்லாம் கேட்டது. அவளுக்குப் பாகற்காய் பிடிக்கும், இவருக்குப் பிடிக்காது, ஆனால் அதைச் சொல்லாமலே இருபத்துமூன்று வருடம் சாப்பிட்டது. நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

நர்ஸ் வந்து பெட்டியைப் பார்த்தாள், குழாய்களைச் சரி செய்தாள். "இவ்வளவு பேசக்கூடாது ஐயா. போதும், கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க."

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்றார் ஆவுடையப்பன். "இன்னும் முடியல."